எழுதி அழிச்சதும் வரும்

உன் போன எட்டிப் பாக்கல தங்கச்சி. சத்தியமாப் பாக்கல. அத ஏன் அந்தப் பக்கம் திருப்புற? நீ பாட்டுக்கு டைப் பண்ணு. என் கண்ணு பொசுக்குனு அங்க போயிருச்சு, அவ்வளவுதான். ஒரே ஒரு வரி பட்டுச்சு. 'சாயங்காலம் பேசுறேன், கோவப்படாத'ன்னு. யாரு கோவப்பட்டா, எதுக்குக் கோவப்பட்டா, அதெல்லாம் நான் படிக்கல. அதுக்குள்ளதான் நீ திருப்பிட்டியே.

மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத தாயி. தப்புத்தான், ஒத்துக்கிறேன். காரியாபட்டி வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே சீட்டுல ஒக்காந்து போகணும், சண்ட வேணாம். இந்தா, முறுக்கு எடுத்துக்க. எங்கண்ணன் வீட்டுக்குக் கொண்டு போறேன். ஒண்ணு கொறஞ்சா அவனுக்கு ஒண்ணும் ஆயிறாது. அவன் இத வாங்குவானான்னே தெரியல. வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்புனாலும் அனுப்புவான்.

முன்னாடியெல்லாம் நான் இப்படிக் கெடையாது. அருப்புக்கோட்டையில யார வேணா கேட்டுப் பாரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மெடிக்கல்ல பில் போடுற பாண்டிச்செல்வின்னு கேளு. யாரு வீட்டுல யாருக்கு என்ன வியாதி, யாரு என்ன மாத்திரை வாங்குறா, அத்தனையும் எனக்குத் தெரியும். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த வெளிய போனதில்ல. பொம்பளப் புள்ளைக கவுண்டர்ல வந்து ஒண்ணும் சொல்லாம நிக்கும். கண்ணப் பாத்தே புரிஞ்சுக்கிட்டு, பாக்கெட்ட எடுத்து, பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டு, பக்கத்துல நிக்கிற ஆம்பள திரும்புறதுக்குள்ள கையில குடுத்துருவேன். அப்பேர்ப்பட்டவ நான்.

இரு, என் போன் அடிக்குது. ஒண்ணுமில்ல. அப்புறம் பாத்துக்கலாம்.

எல்லாம் அந்த லேப்டாப்பால வந்தது. எம் மக சுபிக்ஷா, சுபின்னு கூப்புடுவோம், எட்டாங்கிளாஸ் படிக்கிறா. பிரைவேட் ஸ்கூலு. அவுக அப்பா மஸ்கட்ல இருக்காக, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவாக. வீட்டுல நானும் அவளும்தான். ஜூன் மாசம் ஸ்கூல்ல பெத்தவுகளையெல்லாம் கூப்பிட்டு, எட்டாங்கிளாஸ்லருந்து எல்லாப் புள்ளைகளுக்கும் ஸ்கூலே லேப்டாப் குடுக்குதுன்னு சொன்னாக. பீஸோட சேத்துத்தான், சும்மா ஒண்ணும் இல்ல. பிரின்ஸிபால் மேடம் மைக்கப் பிடிச்சு, 'லேப்டாப் புள்ள கையில இருக்கும், கண்ணு நம்மகிட்ட இருக்கும்'னாக. எல்லாரும் கை தட்டுனோம். நான்தான் மொதல்ல தட்டுனேன்.

அப்புறம் கம்ப்யூட்டர் சாருன்னு ஒரு பையன், மீசகூடச் சரியா மொளைக்கல, ஒவ்வொருத்தர் போனா வாங்கி அதுல என்னமோ ஏத்திக் குடுத்தான். புள்ள லேப்டாப்ல என்ன எழுதுனாலும், எதப் பாத்தாலும், நம்ம போனுக்கு வந்துருமாம். 'எழுதி அழிச்சதும் வரும்மா'ன்னான் அந்தப் பையன், பெருமையா. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. கடவுளுக்குக்கூட இந்த வசதி இருக்குமான்னு நெனச்சேன்.

புள்ளைககிட்ட என்ன சொன்னாகன்னா, கெட்ட வெப்சைட்டுக்குப் போனா ஸ்கூலுக்குத் தெரிஞ்சுரும்னு மட்டும் சொன்னாக. அம்மா போனுக்கு வரும்னு சொல்லல. நானும் சொல்லல. ஏன் சொல்லலன்னு கேளேன்? சொல்லிட்டா அப்புறம் என்னத்தப் பாக்குறது?

மொத வாரம் பூராம் பாடந்தான் வந்துச்சு. சப்புன்னு இருந்துச்சு. அப்புறந்தான் கண்டுபிடிச்சேன், எம் மகளும் அவ சிநேகிதி ஜெர்லினும் 'சமூக அறிவியல் புராஜெக்ட்'னு ஒரு பைலத் தொறந்து வச்சுக்கிட்டு, அதுக்குள்ள பேசிக்கிறாளுக. இவ ஒரு வரி, அவ ஒரு வரி. பேசி முடிச்சதும் எல்லாத்தையும் அழிச்சுட்டு, 'மொகலாயர் ஆட்சி'ன்னு மேல இருக்குற தலைப்ப மட்டும் விட்டுருவாளுக. எவ்வளவு சூட்டிக பாரு! தமிழ இங்கிலீஷ் எழுத்துல எழுதுவாளுக. மொதல்ல எனக்குப் பிடிபடல. டாக்டர் கையெழுத்தப் படிக்கிறவளுக்கு இது என்ன பெரிசு, ரெண்டே நாள்ல பழகிருச்சு.

தப்பா எதுவும் இல்ல தங்கச்சி. அதையும் சொல்லணும்ல. பையன் கியன் ஒண்ணும் இல்ல. டீச்சர் சேல, ஜெர்லின் வீட்டு நாய்க்குட்டி, வேன்ல எவ சன்னல் சீட்டப் பிடிச்சான்னு சண்ட, இதுதான். தப்பு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதும் நான் நிறுத்திருக்கணும். நிறுத்தல. ருசி கண்ட பூனையாட்டம் ஆயிட்டேன். கடையில கூட்டம் கொறஞ்சா போனு. பஸ்ஸுக்கு நின்னா போனு. அடுப்புல பால வச்சுட்டு போனு, பால் பொங்கி வழிஞ்சு போயிரும்.

ஒரு சனிக்கெழம எழுதுறா, 'பஸ் ஸ்டாண்ட் தள்ளுவண்டியில காளான் போடுறாண்டி, வாசன ஆள இழுக்குது. அம்மாட்டக் கேட்டா வயித்துக்கு ஆகாதும்பாக'ன்னு. நான் அன்னைக்குச் சாயங்காலம் ஒரு பார்சல் வாங்கிட்டுப் போயி அவ முன்னாடி வச்சேன். முழிச்ச முழி இருக்கே! 'எப்பிடிம்மா?'ன்னா. 'பெத்தவளுக்குத் தெரியாதாடி'ன்னேன். அவ ஊதி ஊதித் திங்குறதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன்.

இன்னொருக்கா கணக்குல மார்க் போயிருச்சு, பேப்பரப் பையில ஒளிச்சு வச்சிருக்கேன்னு ஜெர்லின்ட்ட எழுதியிருந்தா. நான் சாப்பாடு போட்டுக்கிட்டே, 'மார்க் கொறஞ்சா என்ன, தலையா போயிரும்'னு பொதுவாச் சொல்றாப்புல சொன்னேன். அழுதுக்கிட்டே எந்திரிச்சுப் போயி பேப்பர எடுத்துட்டு வந்து குடுத்துட்டா. மறுநா அந்தப் பைல்ல எழுதுறா, 'எங்கம்மாவுக்கு ஏதோ சக்தி இருக்குடி. சொல்லாமயே எல்லாம் புரிஞ்சுக்குது. உங்கம்மா மாதிரி இல்ல'ன்னு.

அத நான் கடையில நின்னு படிச்சேன். கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது. ஒரு பெரியவரு காச்ச மாத்திரைக்கு நின்னாரு. எங்க வீட்டுல யாரோ போயிட்டாகன்னு நெனச்சுக்கிட்டு, 'மனசத் தேத்திக்கம்மா'ன்னு சொல்லிட்டு மாத்திரைய வாங்காமயே போயிட்டாரு.

அந்தப் பேரு எனக்குச் சேர வேண்டியதில்ல. எனக்குத் தெரியாதா? பிட் அடிச்சு மொத மார்க் வாங்குன மாதிரிதான் அது. ஆனாலும் எம் புள்ள என்னய அப்படி நெனைக்கிறாளேன்னு இருந்துச்சு. அவுக அப்பாவும் ஊர்ல இல்ல, எனக்கு வேற யாரு இருக்கா சொல்லு.

அப்புறம் ஒருநா, ஸ்கூல் லீவு. கடையில மத்தியானம் ஆளே இல்ல. போனத் தொறந்தேன். 'வந்துருச்சுடி'ன்னு எழுதியிருக்கா.

ஒனக்குப் புரியும். பொம்பளப் புள்ளதானே நீயும். எம் மக பெரிய மனுஷி ஆயிட்டா. நான் ஸ்டூல்ல ஒக்காந்துட்டேன். எந்திரிச்சு ஓடிப் போயி அவளக் கட்டிக்கணும் போல இருக்கு. அதுக்குள்ள அடுத்த வரி வருது. 'அம்மாட்டச் சொல்லலடி. சொன்னா மாமாவுக்குப் போயிரும். மாமா பேனர் வச்சிருவாரு. நம்ம ஸ்கூல் அக்காவுக்கு வச்சாங்கள்ல, வேன்ல போறப்பல்லாம் பசங்க அதக் காட்டிக் காட்டிச் சிரிச்சாங்கள்ல. எனக்கு வேணாம். இது என்னோடது.'

அப்புறம் அழிச்சுட்டா. அழிச்சதும் வந்துச்சு.

பேனர்னா ஒனக்கே தெரியும்ல, நம்ம பக்கம் எப்படின்னு. புள்ள போட்டோவ ஆள் ஒசரத்துக்குப் போட்டு, தாய்மாமன் பேரப் பெரிசாப் போட்டு, பஸ் ஸ்டாண்ட்ல கட்டிருவாக. சீர்வரிசை வண்டியில வரும், மேளம், வீடியோ. எங்கண்ணன் தங்கமாரியப்பன் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தான். அவனுக்கு ரெண்டும் பையன். ஒரே மருமக இவதான். அவ அஞ்சாங்கிளாஸ் படிக்கிறப்பவே அரக்குக் கலர்ல பட்டுப் பாவாட எடுத்து பீரோவுல வச்சிட்டான்.

தாய்மாமனுக்குத்தான் மொதல்ல சொல்லணும். அதான் மொற. நான் சொல்லல. அவனுக்கே சொல்லலேன்னா பாத்துக்க! எம் மக வாயால எங்கிட்டச் சொல்லட்டும், அப்புறம் பாத்துக்குவோம்னு இருந்தேன். பாத்ரூம்ல ஒரு பாக்கெட்ட அவ கண்ணுல படுற மாதிரி வச்சேன். அத அப்பிடியே ஓரமாத் தள்ளி வச்சிட்டு சோப்ப எடுத்துக்குவா. ஜெர்லினோட அக்காதான் அவளுக்குத் தேவையானதக் குடுத்துவிட்டிருக்கு. ஊருக்கெல்லாம் பேப்பர் சுத்திக் குடுக்குறவ நான், எம் மகளுக்கு எவளோ குடுக்குறா. வயிறு எரிஞ்சு போச்சு எனக்கு.

உளுந்தங்களி கிண்டுனேன். நல்லெண்ணெய் ஊத்தி, கருப்பட்டி போட்டு. அந்த நேரத்துல இடுப்புக்குப் பலம்ல. நல்லாச் சாப்பிட்டா. எனக்குச் சந்தோசம். அரை மணி நேரத்துல போன்ல வருது, 'எங்கம்மா இன்னைக்குக் களி கிண்டிச்சுடி. தெரிஞ்சுருச்சோன்னு பயமா இருக்கு'ன்னு. அன்னையோட களி கிண்டுறத நிறுத்திட்டேன். எம் புள்ளைக்குச் செய்ய வேண்டியதக்கூட நான் திருட்டுத்தனமா யோசிச்சு யோசிச்சுச் செய்யுற மாதிரி ஆயிருச்சு.

இப்படியே போயிருந்தா என்னைக்காவது சொல்லியிருப்பா. சொல்லியிருப்பான்னுதான் நெனைக்கிறேன். அதுக்குள்ள கிளாஸ் டீச்சர் போன் பண்ணிருச்சு. 'சுபிக்ஷா லேப்டாப்ல பிளட்னு ஒரு வார்த்த வந்துருக்காம், கம்ப்யூட்டர் சாருக்கு அலர்ட் வந்துச்சாம், வீட்டுல எதுவும் பிரச்சனையாம்மா'ன்னு கேக்குது.

எனக்கு ஏறுச்சு பாரு! கம்ப்யூட்டர் சாரா? அந்த மீச மொளைக்காத பயலா? எம் பொண்ணு அவ சிநேகிதிட்ட ரகசியமா எழுதுறத அவன் யாரு படிக்கிறதுக்கு? வெக்கமா இல்ல? ஒரு பொம்பளப் புள்ள மனசுல இருக்குறத அடுத்தவுக ஒளிஞ்சு நின்னு படிக்கலாமா? நீயே சொல்லு.

என்ன, சிரிக்கிற? சிரி, சிரி. எனக்கு அப்ப ஒறைக்கல. தன் முதுகு தனக்குத் தெரியுமா?

ஸ்கூல்ல போயி நாலு வார்த்த நறுக்குன்னு கேக்கணும்னா ஆம்பள ஒருத்தர் கூட வேணும். அவுக மஸ்கட்ல. வேற யாரு, எங்கண்ணந்தான். போன் போட்டேன். காரணம் சொல்லாமக் கூப்புட முடியுமா? சொல்லிட்டேன். அந்தப் பக்கம் அழுகுற சத்தம் கேக்குது. 'எங்கிட்ட ஏன் மறைச்ச'ன்னு கேக்குறான், ஆட்டுச் சந்தையில நின்னுக்கிட்டு. ஆட்டுத் தரகு பாக்குறவன் அவன். அப்பிடியே வண்டிய எடுத்துக்கிட்டு அருப்புக்கோட்டைக்கு வந்துட்டான்.

பிரின்ஸிபால் மேடம் ரூமுக்குள்ள போனோம். நான் மெதுவாத்தான் ஆரம்பிச்சேன். எங்கண்ணனுக்கு மெதுவாப் பேசத் தெரியாது. சந்தையில நூறு ஆட்டுக் கத்தலுக்கு நடுவுல வெல பேசுற தொண்ட. 'எங்க வீட்டுப் புள்ள வயசுக்கு வந்தத ஒரு ஆம்பள வாத்தியாரு எப்படிய்யா படிக்கலாம்? அந்தப் புள்ள பெத்தவகிட்டயே சொல்லாம மறைச்சு வச்சிருக்கு, நீங்க ஊருக்கே சொல்லுவீகளா?'ன்னு கத்துறான். சன்னல் தொறந்து கெடக்கு. எதிர்ல எட்டாங்கிளாஸ் பி செக்ஷன். அவ கிளாஸு. அங்க டீச்சர் பாடம் நடத்துற சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, அது நின்னு போச்சு. நான் எங்கண்ணன் கையப் பிடிச்சு இழுத்திருக்கணும். இழுக்கல. எனக்காகச் சத்தம் போட ஒருத்தன் இருக்கானேன்னு நின்னுக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. 'இன்னும் கேளுண்ணே'ன்னு வேற சொன்னேன்.

பேனர் வேணாம்னு சொன்ன புள்ள அவ. பேனர்னா பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறவந்தான் பாப்பான். நாங்க நேரா அவ கிளாஸுலயே போயிச் சொல்லிட்டோம்.

மேடம் ஆயாவ விட்டு அவளக் கூப்புட்டாக. வந்து கதவோரமா நின்னா. மூஞ்சி செவந்து கெடக்கு. அந்தக் கம்ப்யூட்டர் சாரு அழுகுற மாதிரி நிக்கிறான். 'மேடம், எனக்கு அந்த ஒரு வார்த்த மட்டுந்தான் வரும். என்ன பேசிக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. முழுசாப் பேரன்ட் போனுக்குத்தான் போகும்'னான். நான், 'பொய் சொல்றான் மேடம்'னேன். அவன் அவனோட கம்ப்யூட்டர இந்தப் பக்கம் திருப்புனான். யாரு எப்பத் தொறந்து பாத்தாகன்னு அதுல இருக்குதாம். விரல வச்சு மேல தள்ளுறான், தள்ளுறான், எம் பேரு வந்துக்கிட்டே இருக்கு. பாண்டிச்செல்வி, பாண்டிச்செல்வின்னு வரிசையா. காலையில, மத்தியானம், சாயங்காலம். முடியவே இல்ல. எங்கண்ணனே வாய மூடிட்டான்.

என்னய ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான்னு எனக்குத் தெரியாது தங்கச்சி! யாருமே சொல்லல! ஒரு மனுஷி அவ சொந்தப் போன்ல எத எப்பப் பாக்குறான்னு கணக்கு வச்சிருக்கானுக, இத எங்க போயிச் சொல்றது? ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்க வேணாமா?

சரி, சரி. நீ ஏன் சன்னல் பக்கம் பாக்குறேன்னு தெரியுது.

சுபி அந்தக் கம்ப்யூட்டரப் பாத்தா. அப்புறம் என்னயப் பாத்தா. கத்தல, அழுகல. 'அப்ப, அந்தக் காளானும் இப்படித்தானாம்மா?'ன்னு கேட்டா.

அவ்வளவுதான் கேட்டா. திரும்பி கிளாஸுக்குப் போயிட்டா. அத்தன புள்ளைகளுக்கும் கேட்டுருச்சுன்னு தெரிஞ்சும், எந்திரிச்ச எடத்துலயே போயி ஒக்காந்துட்டா. எனக்கு அந்தத் தைரியம் வராது. நான் வாசல்ல மோட்டார் ரூமுக்குப் பின்னால நின்னு அழுதுட்டு, கடைக்குப் போயிட்டேன்.

எங்கண்ணன் அன்னைக்கே ஆரம்பிச்சுட்டான். 'அதான் ஊருக்கே தெரிஞ்சுருச்சே, இனி மறைக்க என்ன இருக்கு? தேதி பாப்போம்'னான். நான் முடியாதுன்னுட்டேன். பேனர் கெடையாது, சீர் கெடையாது, ஒண்ணும் கெடையாது. 'தாய்மாமன் சீரே வேணாம்னா அப்புறம் நான் எதுக்கு'ன்னு போனவந்தான், இன்னைக்கு வரைக்கும் பேசல. மதினி சொல்லுது, அந்தப் பட்டுப் பாவாடைய எடுத்து மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தானாம். அவன் பாவம். அவன் மேலயும் தப்பில்ல. அதான் முறுக்கச் சுட்டு எடுத்துக்கிட்டுப் போறேன், கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணணும்னு. எம் மகளுக்காக எங்கூடப் பொறந்தவனப் பகைச்சேன். இதையாவது எங் கணக்குல நல்லதுன்னு வச்சுக்கலாமா?

சுபி வீட்டுல சண்டையெல்லாம் போடல. சண்ட போட்டிருந்தா தேவல. சாப்புடுவா, படிப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. அந்தப் பைல்ல நெசமாவே மொகலாயர் ஆட்சிய எழுத ஆரம்பிச்சுட்டா. பாபரு, பானிபட்டுன்னு பக்கம் பக்கமா வருது. 'நான் அத எடுத்துட்டேன்டி, போன்லருந்து எடுத்தே போட்டுட்டேன்'னு சத்தியம் பண்ணேன். 'சரிம்மா'ன்னா. எம் போன வாங்கிப் பாக்கல. பாத்திருந்தா மாட்டியிருப்பேன். அடுத்தவுக போனப் பாக்குற பழக்கம் அவளுக்கு இல்ல.

ஆமா. எடுக்கல. பாபரும் பானிபட்டும் வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு நெனச்ச?

எடுக்கணும்னு எத்தனையோ தடவ போனேன். 'நீக்கவா'ன்னு கேக்கும். கை அங்க போயி நின்னுரும். புள்ள பேச மாட்டேங்குறா, இதுலயாவது அவ என்ன நெனைக்கிறான்னு ஒரு வரி வராதான்னு இருக்கும். பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாக. பித்துன்னு சொல்லிட்டா திருட்டு இல்லேன்னு ஆயிருமான்னும் தோணும்.

இப்பச் சொல்லப் போறத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. போன வாரம் சாயங்காலம். அவ உள் ரூம்ல இருக்கா. நான் வெளிய டிவி பாத்துக்கிட்டு இருக்கேன். மடியில போன். டிங்குன்னு வருது. பாபர் இல்ல. ஜெர்லினும் இல்ல. 'அம்மா, வயிறு ரொம்ப வலிக்குது'ன்னு இருக்கு. அவ்வளவுதான். அழிக்கவும் இல்ல. அப்பிடியே நிக்குது.

எந்திரிச்சுட்டேன். ரெண்டு எட்டு வச்சுட்டேன். அப்புறந்தான் ஒறைச்சுச்சு. எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு கதவுதான். வாயத் தொறந்து கூப்புட்டாலே கேக்கும். அவ ஏன் இதுல எழுதுறா? என்னயச் சோதிக்கிறா. இப்ப நான் போயி நின்னா, இன்னும் படிக்கிறேன்னு அர்த்தம்.

திரும்பி வந்து ஒக்காந்துட்டேன் தங்கச்சி.

எம் புள்ள உள்ள வலியில கெடக்கு. நான் வெளிய சீரியல் பாக்குறேன். என்ன ஓடுச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. வெந்நி வச்சுக் குடுக்க எவ்வளவு நேரமாகும்? சீரகத்த வறுத்துப் போட்டு ஒரு டம்ளர் குடுத்திருந்தா பாதி வலி போயிருக்கும். கடை பூராம் மாத்திரைய வச்சுக்கிட்டு, ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்குறேன். தெரியும், ஆனா தெரியாது. அப்பிடி ஒக்காந்திருந்தேன். பெத்தவ பண்ற காரியமா அது?

சீரியல் முடிஞ்சப்புறம் கதவத் தொறந்துக்கிட்டு வந்தா. செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஒதடு வெளுத்துக் கெடக்கு. 'அம்மா, வயிறு வலிக்குது'ன்னா. வாயால. அத்தன நாள் கழிச்சு, வாயால.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அய்யய்யோ! எப்பருந்துடி? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?'ன்னேன்.

என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் வந்து என் மடியில தலைய வச்சுப் படுத்துட்டா. ஓன்னு அழுகுறா. 'நீ நெசமாவே எடுத்துட்டம்மா. நான் நம்பல. ஸாரிம்மா'ன்னு எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறா. அவ தலைக்குக் கீழதான் எம் போன் கெடக்கு. அத மெதுவா உருவி தலகாணிக்கு அடியில தள்ளிட்டு, அவ தலையத் தடவிக் குடுத்தேன்.

அன்னையிலருந்து நல்லாப் பேசுறா. காளான் வேணும்னா வாயத் தொறந்து கேக்குறா. நான் கேட்டது அதுதானே, கெடச்சுருச்சுல்ல? ஆனா அவ 'அம்மா'ன்னு கூப்புட்டாலே எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

இந்தா தங்கச்சி, இதப் பிடி. நீ சின்னப் புள்ள, ஒனக்கு இதெல்லாம் பழக்கம். அந்தப் பச்சைக் கலர்ல கண்ணு மாதிரி போட்டிருக்கு பாரு, அதுதான். எடுத்து விட்டுரு. எங் கையி கேக்க மாட்டேங்குது. காரியாபட்டி வர்றதுக்குள்ள எடுத்துரு, எறங்குனா மனசு மாறிரும். 'நீக்கவா'ன்னு கேக்குதா? ஆமான்னு குடு.

இரு. டிங்குன்னுச்சு. அவதான். வீட்டுல ஒக்காந்து எழுதிக்கிட்டு இருக்கா, ஞாயித்துக்கெழமைல.

நீ ஏன் படிக்கிற? அட, உன் கண்ணு ஓடுது, நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்! அது எம் மக எழுதுனது. அடுத்தவுக வீட்டுப் புள்ள எழுதுறத நீ எதுக்குப் படிக்கிற? குடு இங்க. குடுன்னா.

இல்ல, குடுக்காத. குடுத்தா நான் எடுக்க மாட்டேன். கைய அந்தப் பக்கம் வச்சுக்க. அமுக்கு. அமுக்கு தாயி.

போச்சா? எங்க, காட்டு. ஆமா, காணோம்.

கண்டக்டரு விசில் ஊதிட்டாரு. காரியாபட்டி வந்துருச்சு. இந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடு. வர்றேன்டா தங்கச்சி. அந்தக் கோவப்பட்டவர்ட்ட சாயங்காலம் மறக்காமப் பேசு.

கண்டக்டரண்ணே, இருங்க, ஆள் எறங்கிக்கிட்டுத்தான இருக்கேன்!

தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு. என்ன எழுதியிருந்தான்னு கேக்க மாட்டேன். சத்தியமாக் கேக்க மாட்டேன். என்னயப் பத்தியா? வாயால சொல்ல வேணாம். தலைய மட்டும் ஆட்டு, போதும்.